முதுகுக்கு மேலே போன குண்டு

டிரைபர்ன் பண்ணை,
ஃபேர்லி, நியூசிலாந்து
13 நவம்பர் 1983

அன்புத் தம்பி பெர்கஸுக்கு,

நானும் உன் அண்ணி ஜோனும் நாய்களும் நலம். கல்கூர்லி சுரங்கத் தூசியில் உன் இருமல் எப்படி இருக்கிறது? டெலிபோனில் கேட்கலாம் என்றால் எங்கள் லைனை ஆறு பண்ணைக்காரர்கள் பகிர்ந்துகொள்கிறோம். நான் தும்மினால் அடுத்த பள்ளத்தாக்கிலிருந்து "நூறாயுசு" என்று குரல் வருகிறது. அதனால் நமக்குக் கடிதம்தான்.

உன் ஏழு மில்லி மேக்னம் துப்பாக்கியின் புகழை மூன்று பக்கம் பாடியிருந்தாய். காட்டு ஒட்டகத்தை ஐந்நூறு கஜத்தில் சாய்த்தாயாம். உள்ளங்கை மாதிரித் தட்டையான அந்தப் பூமியில் ஒட்டகத்தைச் சுடுவதும் வீட்டுச் சுவரைச் சுடுவதும் ஒன்றுதான். இங்கே மலையில் வந்து காட்டு. என் த்ரீ நாட் எய்ட் துப்பாக்கி பதினெட்டு வருஷமாக இந்த வீட்டுக்குக் கறி போடுகிறது. உன் பீரங்கி உதைக்கிற உதையில் தோள் கழன்றுவிடும், குழலும் சீக்கிரம் தேய்ந்துபோகும். குண்டு எத்தனை வேகத்தில் வந்தது என்று மான் கேட்காதுடா. எங்கே பட்டது என்பதுதான் அதற்குக் கணக்கு.

ஒரு விஷயம். போன வாரம் பக்கத்துப் பண்ணை டாமாவோடு மேல் ஓடைக்குப் போயிருந்தேன். எதிர்ச்சரிவில் ஓர் இளம் கலைமான் நின்றது. நானூறு கஜம். அந்தத் தூரத்தில் த்ரீ நாட் எய்ட் குண்டு இரண்டடி விழும் என்று உனக்கும் தெரியும். குறியை இரண்டடி தூக்கிப் பிடித்துச் சுட்டேன். குண்டு அதன் முதுகுக்கு மேலே போய்ப் பாறையில் பட்டது. மான் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு நடந்தே போனது. டாமா ஒன்றும் சொல்லவில்லை. இப்படித் தப்பினால் ஒரு வாரம் கிண்டல் செய்கிறவன் அவன்.

தோட்டாவுக்குப் போடுகிற வெடிமருந்து டப்பா புதுசு. அதில்தான் கோளாறு. வேகம் கூடிப்போய்க் குண்டு உயரப் பறக்கிறது என்று நினைக்கிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள். சட்டியில் ஏதாவது வைத்துச் சாப்பிடு, டப்பா உணவிலேயே காலம் தள்ளாதே.

உன் அண்ணன்,
மர்டோ


கல்கூர்லி,
மேற்கு ஆஸ்திரேலியா
4 டிசம்பர் 1983

அன்புள்ள அண்ணனுக்கு,

இருமல் என்னோடு குடித்தனம் வைத்துவிட்டது. மற்றபடி நலம். அண்ணிக்கு முதுகுவலி தேவலையா? செம்மறி மயிர் வெட்டு முடிந்ததா?

நீ ஆரம்பித்தாய், நான் விடமாட்டேன். உன் துப்பாக்கியையும் என் துப்பாக்கியையும் இருநூறு கஜத்தில் குறி வைத்த இடத்திலேயே படும்படி நேர் செய்து வைப்போம். நானூறில் உன் குண்டு இரண்டடி விழும், என்னுடையது ஒன்றரை அடி. பக்கக் காற்று அடித்தால் உன்னுடையது ஒன்றரைச் சாண் ஒதுங்கும், என்னுடையது ஒரு சாண். அண்ணியின் டூ செவன்டி இரண்டுக்கும் நடுவில், உதையும் குறைவு. நம் மூவரில் யோசித்துத் துப்பாக்கி வாங்கியவர் அண்ணிதான்.

ஆனால் உன் மருந்துக் கதை எனக்குச் செரிக்கவில்லை. மருந்து கொஞ்சம் காரமாக இருந்தாலும் நானூறு கஜத்தில் மூன்று நான்கு அங்குலம் உயரும். அவ்வளவுதான். முதுகைத் தாண்டிப் பாறைக்குப் போகிற உயரம் அதில் வராது. மலையை விடு. இருநூறு கஜம் அளந்து காகிதத்தில் சுட்டுப் பார். காகிதம் பொய் சொல்லாது.

டாமாவைக் கேட்டதாகச் சொல். மானை வரவழைக்க அவன் கொம்பு ஊதும் சத்தம் காதிலேயே இருக்கிறது.

அன்புத் தம்பி,
பெர்கஸ்


டிரைபர்ன் பண்ணை
8 ஜனவரி 1984

அன்புத் தம்பிக்கு,

கிறிஸ்துமஸுக்கு நீ அனுப்பிய மேசைவிரிப்பு ஜோனுக்கு மிகவும் பிடித்துப்போயிற்று. மயிர் வெட்டு முடிந்தது. அவள் முதுகுவலி அவளைவிடப் பிடிவாதம், போகமாட்டேன் என்கிறது.

நீ சொன்னபடி காகிதத்தில் சுட்டேன். இருநூறு கஜத்தை ஜோன் நடந்து அளந்தாள். குறிக்கு ஒரு பெரிய தகரச் சாப்பாட்டுத் தட்டில் தார் பூசிக் காகிதத்தின் நடுவில் நட்டு வைத்தாள். எதற்கு இத்தனை பெரிசு என்றேன், சின்னத் தட்டெல்லாம் கழுவப் போட்டிருக்கிறது என்றாள். மூன்று குண்டு. மூன்றையும் ஒரு தேநீர்க் கோப்பையால் மூடிவிடலாம். உன் அண்ணன் இன்னும் உன் அண்ணன்தான்.

ஆகவே துப்பாக்கி சரி, மருந்தும் சரி. தோட்டாவுக்கு மருந்து நிறுக்கும்போது தராசு முள்ளை இப்போதெல்லாம் ஜோன்தான் பார்த்துச் சொல்கிறாள். அவளுக்கும் ஒரு வேலை வேண்டாமா?

ஆனால் மறுபடி இரண்டு மான் போய்விட்டது. இரண்டும் முதுகுக்கு மேலேதான். மலைக்காற்று கீழிருந்து மேலே தூக்குகிறது என்று டாமாவிடம் சொன்னேன். "சரி அண்ணே" என்றான். அவன் "சரி" என்று சொல்லி நான் கேட்டதே இல்லை.

சும்மா ஒரு கேள்வி, சிரிக்காதே. உன் மேக்னத்தை முந்நூறு கஜத்துக்கு நேர் செய்து வைத்தால், முந்நூற்றைம்பது வரைக்கும் தூரமே பார்க்க வேண்டாம், தூக்கிப் பிடிக்கவும் வேண்டாம், நடு உடம்பில் வைத்துச் சுட்டால் போதும் என்று டிமாரு டவுனில் துப்பாக்கிக் கடைக்காரர் சொல்கிறார். நிஜமா?

அண்ணன்,
மர்டோ


கல்கூர்லி
29 ஜனவரி 1984

அன்புள்ள அண்ணனுக்கு,

இங்கே வெயில் கொளுத்துகிறது. நான் நலம். நீங்கள் இருவரும் நலம்தானே?

உன் கேள்வியை மூன்று தடவை படித்தேன். பதினெட்டு வருஷமாக மேக்னத்தைத் திட்டிய வாய் இப்போது விலை விசாரிக்கிறது. ஆசையோடுதான் பதில் எழுத உட்கார்ந்தேன். பேனா ஓடவில்லை.

கடைக்காரர் சொன்னது நிஜம். நேர்க்கோடாகப் பறக்கிற குண்டு அது. ஆனால் அதனால் யாருக்கு லாபம் என்று யோசித்துப் பார். தூரம் தெரியாதவனுக்குத்தான். உனக்கு எதற்கு? சின்ன வயதில் வாசலில் நின்று "அந்த ஆடு இருநூற்றெழுபது கஜம்" என்று நீ சொல்வாய், அப்பா நடந்து அளந்துவிட்டு ஒவ்வொரு தடவையும் தோற்றுத் திரும்புவார்.

காகிதத்தில் சரி, மலையில் தப்பு. இரண்டுக்கும் நடுவில் மாறியது ஒன்றே ஒன்று. காகிதத்துக்குத் தூரத்தை அண்ணி காலால் அளந்தார். மலையில் நீ கண்ணால் அளக்கிறாய்.

கோபப்படாதே. அடுத்த தடவை டிமாரு போகும்போது கண் டாக்டரை ஒரு எட்டுப் பார்த்துவிட்டு வா. பிறகு எந்தத் துப்பாக்கி வேண்டுமானாலும் வாங்கு, நானே தேர்ந்தெடுத்துத் தருகிறேன்.

தம்பி,
பெர்கஸ்


டிரைபர்ன் பண்ணை
14 மார்ச் 1984

தம்பி பெர்கஸுக்கு,

இங்கே எல்லோரும் சுகம். பதில் தாமதம், வேலை அதிகம்.

என் கண்ணுக்கு ஒன்றும் இல்லை. ஐம்பத்தாறு வயதில் ஊசியில் நூல் கோர்க்கிறவன் எவன் இருக்கிறான்? ஒட்டகம் சுடுகிறவன் எனக்கு மலை சொல்லித்தர வேண்டாம்.

மேக்னம் ஒன்றுக்குக் கடையில் சொல்லிவிட்டேன். மாதக் கடைசியில் கடைக்கு வந்துவிடும். நடு உடம்பில் வைப்பேன், சுடுவேன், முடிந்தது. முதுகுக்கு மேலே போகிற கதைக்கே இனி இடமில்லை.

இணை தேடும் பருவம் வந்து கலைமான்கள் கர்ஜிக்க ஆரம்பித்துவிட்டன. மேல் ஓடையில் ஒன்று இருக்கிறது, கொம்பில் பன்னிரண்டு கிளை. ஆனால் டாமா இந்த வருஷம் வரமாட்டானாம். முழங்கால் வலியாம். புதருக்குள் உட்கார்ந்து கலைமான் மாதிரியே கொம்பு ஊத அவனை விட்டால் நீதான். ஊதினால் போட்டிக்கு ஆள் வந்துவிட்டதென்று அது வெட்டவெளிக்கு வரும், மிச்சத்தை நான் பார்த்துக்கொள்கிறேன். ஏப்ரல் நடுவில் லீவு போட்டு வா. பழையபடி நீ ஊது, நான் சுடுகிறேன்.

மர்டோ


டிரைபர்ன் பண்ணை
16 மார்ச் 1984

அன்புள்ள தம்பி பெர்கஸுக்கு,

ஜோன் அண்ணி எழுதுகிறேன். உன் உடம்பு நலமாக இருக்கட்டும். இந்தக் கடிதம் எழுதியது உன் அண்ணனுக்குத் தெரியாது, தெரியவும் வேண்டாம்.

டாமாவுக்கு முழங்காலில் ஒன்றுமில்லை. போன ஞாயிற்றுக்கிழமை இருவரும் மேல் ஓடைக்குப் போனார்கள். டாமா கீழே புதருக்குள் உட்கார்ந்து கொம்பு ஊதினான். உன் அண்ணன் மேலே பாறையில் இருந்தார். எங்கிருந்தோ கலைமான் பதில் கொடுத்தது. கொஞ்சம் கழித்து உன் அண்ணன் சுட்டார். குண்டு டாமாவின் தலைக்கு மேலே மரத்தில் இறங்கியது.

மறுநாள் அவன் வந்து சமையலறையில் நின்றான். தேநீர் கொடுத்தேன், தொடவில்லை. "அண்ணி, குண்டு மரத்துல பட்டதும் பேரைச் சொல்லிக் கத்துனேன். மர்டோ அண்ணே, நான்தான்னு கத்துனேன். குழல் எறங்கவே இல்ல. என்னையே பாத்துக்கிட்டு நிக்குது" என்றான்.

அன்று மலையில் உன் அண்ணன் இறங்கி வந்து அவனிடம் என்ன சொன்னாராம் தெரியுமா? "நானூறு கஜத்துல போயி உக்காந்தா எனக்கு எப்படிடா தெரியும்?"

"நம்ம வீட்டுக்கும் ஆட்டு மயிர் வெட்டுற கொட்டகைக்கும் உள்ள தூரம்தான் அண்ணி அது" என்று சொல்லிவிட்டு டாமா போய்விட்டான். போலீஸில் சொல்லமாட்டான். மலைக்கும் வரமாட்டான்.

வீட்டுக்குள் அவர் கதவு நிலையில் இடித்துக்கொள்வதைப் போன குளிர்காலத்திலிருந்தே பார்த்துக்கொண்டிருக்கிறேன். டிமாருவுக்கு அழைத்துப்போனேன், கண் டாக்டர் வாசலில் இவர் லாரியை விட்டு இறங்க மறுத்துவிட்டார். காகிதத்தில் சுட்ட அன்று மங்கின கண்ணுக்கும் தெரியும்படி பெரிய தட்டை நட்டது என் தப்பு. அவர் மனம் நோகக் கூடாது என்று செய்தேன்.

நானும் துப்பாக்கி பிடிக்கிறவள், எனக்கு ஒரு கணக்கு வந்திருக்கிறது. அது தப்பு என்று நீ சொல்ல வேண்டும். நானூறு கஜம் என்று நினைத்து இரண்டடி தூக்கிப் பிடித்ததால்தான் குண்டு டாமாவின் தலைக்கு மேலே போனது. அந்த மேக்னமாக இருந்திருந்தால்?

உன் அண்ணி,
ஜோன்


கல்கூர்லி
25 மார்ச் 1984

அன்புள்ள அண்ணிக்கு,

நலம். உங்கள் கடிதமும் அண்ணன் கடிதமும் ஒரே நாளில் வந்தன.

உங்கள் கணக்குத் தப்பில்லை. மேக்னமாக இருந்தால் நடு நெஞ்சில் வைத்திருப்பார், நடு நெஞ்சில் பட்டிருக்கும். அவருடைய பிழைதான் டாமாவைக் காப்பாற்றியது. புதுத் துப்பாக்கி அந்தப் பிழையைத் திருத்திவிடும்.

என்னைக் கொம்பு ஊதக் கூப்பிட்டிருக்கிறார். உங்கள் கடிதத்தைப் பற்றி மூச்சு விடாமல் அவருக்குத் தனியாக எழுதுகிறேன். அவர் கேட்டால் நான் எழுதியதை அவருக்குப் படித்துக் காட்டுங்கள்.

பெர்கஸ்


கல்கூர்லி
25 மார்ச் 1984

அன்புள்ள அண்ணனுக்கு,

நான் நலம். லீவு கிடைத்துவிட்டது, ஏப்ரல் பதினைந்தாம் தேதி வருகிறேன். கொம்பு ஊதச் சொன்னாய். ஊதுகிறேன்.

அதற்கு முன் இதைப் படி. எனக்கு யாரும் எதுவும் சொல்லவில்லை. உன் குண்டுகள்தான் சொல்லின. நவம்பரில் நானூறு கஜம் என்று இரண்டடி தூக்கிப் பிடித்தாய். உண்மையாகவே நானூறாக இருந்திருந்தால் அந்த இரண்டடியும் வழியிலேயே விழுந்து, மான் செத்திருக்கும். குண்டு முதுகைத் தாண்டியது என்றால் அது விழவே இல்லை. விழ நேரம் கிடைக்கவில்லை. அந்த மான் இருநூறு கஜத்துக்குள் நின்றிருக்கிறது. ஜனவரியில் தப்பிய இரண்டும் அப்படித்தான்.

மழை விட்ட மறுநாள் மலை வாசலுக்கு வந்துவிடும், மூடுபனி நாளில் அடுத்த ஊருக்குப் போய்விடும் என்று அப்பா சொல்வார். மங்கலாகத் தெரிவதெல்லாம் தூரமாகத் தெரியும். அண்ணா, உனக்கு மட்டும் தினமும் மூடுபனி.

நீ மேக்னத்தைக் கேட்டது வேகத்துக்காக இல்லை. தூரம் தெரியாமல் சுடுவதற்காக. தூரம் தெரியாதவனுக்கு எதிரே நிற்பது மானா மனிதனா என்பதும் தெரியாது.

எனக்குப் பயமாக இருக்கிறது. இருந்தாலும் உனக்குப் பொய் சொல்லத் தெரியாது என்பதும் எனக்குத் தெரியும். "என் கண் சரியாக இருக்கிறது, நீ புதருக்குள் உட்காரலாம்" என்று உன் கையால் ஒரு வரி எழுது. அந்த ஒரு வரி போதும். வந்து உட்காருகிறேன்.

உன் தம்பி,
பெர்கஸ்


டிரைபர்ன் பண்ணை
3 ஏப்ரல் 1984

அன்புள்ள தம்பிக்கு,

நலம் விசாரிக்க நேரமில்லை. தபால் வண்டிக்காரர் வாசலில் நிற்கிறார்.

உன் கடிதம் நேற்று வந்தது. உன் அண்ணன் அதை ஜன்னலோரம் வெளிச்சத்துக்குத் தூக்கிப் பிடித்து வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என்னிடம் நீட்டி, "படி" என்றார். முழுதும் படித்தேன். "தினமும் மூடுபனி" என்ற இடத்தை மட்டும் மறுபடி படிக்கச் சொன்னார்.

இன்று காலை நான் கோழிக்குத் தீனி போட்டுவிட்டு வருவதற்குள் த்ரீ நாட் எய்ட்டை எடுத்துக்கொண்டு தனியாக மேல் ஓடைக்குப் போய்விட்டார். நாய்களையும் கூட்டிப்போகவில்லை. மத்தியானமும் ஆயிற்று. மழை பிடித்துவிட்டது. சற்று முன் ஒரே ஒரு வெடிச்சத்தம் கேட்டது. அவர்தானா, வேறு யாராவதா, தெரியவில்லை.

வண்டிக்காரர் ஹாரன் அடிக்கிறார். இதைக் கொடுத்துவிட்டு நான் மேலே போகிறேன்.

ஜோன்


டிரைபர்ன் பண்ணை
6 ஏப்ரல் 1984

அன்புத் தம்பி பெர்கஸுக்கு,

முதலில், நான் உயிரோடு இருக்கிறேன். ஜோன் உனக்கு என்ன எழுதினாள் என்று இப்போதுதான் சொன்னாள். அந்த வெடிச்சத்தம் என்னுடையது இல்லை. அடுத்த சரிவில் வேறு யாரோ. என் துப்பாக்கியில் தோட்டாவே போடவில்லை. இதை நான் சொல்லச் சொல்ல ஜோன் எழுதுகிறாள், அதனால்தான் கையெழுத்து அழகாக இருக்கிறது. உன் இருமல் எப்படி?

நீ கேட்ட வரியை எழுதத்தான் அன்று உட்கார்ந்தேன். "என் கண்" என்று எழுதினேன். மேலே ஓடவில்லை. சரி, தூரத்தை அளந்தே பார்த்துவிடுவோம், பெர்கஸ் மூக்கை உடைப்போம் என்று மலைக்குப் போனேன். நான் சுட்ட பாறையிலிருந்து டாமா உட்கார்ந்த புதர் வரைக்கும் நம் கம்பிவேலி போகிறது. நானே போட்டது. கம்பத்துக்குக் கம்பம் இடைவெளி எனக்கு மனப்பாடம். ஒவ்வொரு கம்பத்தையும் தொட்டுத் தொட்டு எண்ணிக்கொண்டு இறங்கினேன். நானூறு கஜம் என்று டாமாவிடம் சண்டை போட்டேனே, அது நூற்றைம்பதுகூட இல்லை. அந்தத் தூரத்தில் மனிதனுக்கு மனிதன் தொப்பி தெரியும், மீசை தெரியும்.

புதருக்குப் பின்னால் இருந்த மரத்தில் குண்டுத் துளையைக் கையால் தடவித்தான் கண்டுபிடித்தேன். என் நெஞ்சு உயரத்தில் இருக்கிறது. உள்ளே விரல் போகிறது. அவன் உட்கார்ந்திருந்தான். எழுந்து நின்றிருந்தால் என்று நினைத்தேன். மழையில் அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். ஜோன் வந்து பார்த்தபோது அப்படித்தான் இருந்தேன். அழுதேன் என்று அவள் எழுதினாலும் நம்பு.

இறங்கும் வழியில் டாமா வீட்டுக்குப் போனோம். துப்பாக்கியின் போல்ட்டைக் கழற்றி அவன் மேசையில் வைத்தேன். போல்ட் இல்லாத துப்பாக்கி ஊன்றுகோல்தான். அவனே எடுத்து அலமாரியில் வைத்துவிட்டு, "தேத்தண்ணி குடிக்கிறியா அண்ணே" என்றான். குடித்தேன்.

மேக்னம் வேண்டாம் என்று கடைக்குச் சொல்லிவிட்டேன். நேற்று டிமாருவில் கண் டாக்டரையும் பார்த்தோம். கண்ணில் புரையாம், அறுத்து எடுக்கலாமாம். மே மாதத்துக்கு ஜோன் நாள் வாங்கிவிட்டாள்.

ஆனால் பதினைந்தாம் தேதி நீ வர வேண்டும். அந்தப் பன்னிரண்டு கிளைக்காரன் இன்னும் மேல் ஓடையில்தான் இருக்கிறான். உன் பீரங்கியையே கொண்டு வா, இனி திட்டமாட்டேன். பாறையில் நீ உட்கார். புதருக்குள் நான் உட்காருகிறேன். கொம்பு ஊதக் கண் வேண்டாம்.

ஒன்று மட்டும். சுடுவதற்கு முன்னால் என் பெயரைச் சொல்லிக் கூப்பிடு. பதில் வந்தால் அது மான் இல்லை.

உன் அண்ணன்,
மர்டோ